மூன்று அங்குலம்

வடக்கே ஓர் அகலம், தெற்கே ஓர் அகலம்,
நடுவில் ஓஹாயோ ஆறு.
கரைக்கு வந்த பெட்டிகளை
அந்தரத்தில் தூக்கிப் பிடித்து
சக்கரம் கழற்றி, வேறு சக்கரம் மாட்டி
அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.
போர் முடிந்து இருபத்தோரு வருடம்.
தண்டவாளத்துக்கு மட்டும்
யாரும் தகவல் சொல்லவில்லை.

பிறகு கம்பெனிகள் கூடின.
கல்யாணத்துக்குக் குறிப்பதுபோல் நாள் குறித்தன:
மே கடைசித் தேதி, ஜூன் முதல் தேதி.
தெற்கு முழுக்க
இரண்டு தண்டவாளத்தில் ஒன்றை மட்டும்
மூன்று அங்குலம் உள்ளே தள்ளவேண்டும்.
பதினோராயிரம் மைலுக்கும் மேல்.

மூன்று அங்குலம் எவ்வளவு என்று
மேசையில் வைத்துப் பார்த்தேன்.
ஒன்றரைத் தீப்பெட்டி.

ஐசம் டோவருக்கு விழுந்தது நாலு மைல்,
ஜார்ஜியாவில், பைன் ஹாலோ நிலையத்துக்குக் கிழக்கே.
விடியாத நாலு மணிக்கு
கடப்பாரையோடு பதினெட்டுப் பேர்.
புது ஆணிகளை முன்வாரமே அடித்துவைத்தாயிற்று.
பழைய ஆணியைப் பிடுங்கு, நகர்த்து,
அளவுகோலை வை, அடி.
அடுத்தது.

கூவ ஆள் இல்லாமல் இரும்பு நகராது.
கூவியவன் ஜூபல்.
கங்காணி ரத்லெஜின் வண்டவாளம் பூராவும்
அன்று அவன் பாட்டில் தண்டவாளம் ஏறியது:
கடனுக்கு வாங்கிய குதிரை,
மதகுருவின் மைத்துனி,
மாட்டுத்தொழுவத்தில் ஒளித்த விஸ்கி.
கங்காணியும் காலால் தாளம் போட்டான்.
வேலை சுறுசுறுப்பாக நடந்தது.

மத்தியானம் டெல்ஃபியா சோளரொட்டியோடு வந்தபோது
ஐசம் குந்தி உட்கார்ந்து
குறுக்குக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
தண்டவாளம் கிடந்த இடத்தில்
வெயில் படாத வெளிர்ப்பட்டை ஒன்று,
இருபுறமும் ஆணி போன ஓட்டை.
ஓட்டைக்குள் அதற்குள்ளாகவே எறும்பு.
அவன் காற்சட்டையைக் கணுக்கால் வரை
கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.
அவள் எதுவும் கேட்கவில்லை.
ரொட்டியைப் பிட்டு, பெரிய துண்டை நீட்டினாள்.

இணைகோடுகள் ஒருபோதும் நெருங்குவதில்லை என்று
பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்
அந்த ஜூன் முதல் தேதி சாயங்காலம்
அங்கே வந்திருக்கவேண்டும்.

முதலில் முடித்த கூட்டத்துக்கு ஐம்பது டாலர் என்றார்கள்.
முடித்தது இவர்கள்தான்.
ஐம்பது டாலர் கங்காணிக்கு,
ஆளுக்கொரு சுருட்டு இவர்களுக்கு.
ஜூபல் புகைக்கவில்லை.
அடுத்த பாட்டுக்கு
முதல் அடி கிடைத்துவிட்டது என்றான்.

மறுவாரம் கண்டுபிடித்தார்கள்:
மரஅறுப்பு ஆலையின் பக்கத்தடத்தில்
ஒரு சரக்குப்பெட்டி விட்டுப்போயிருந்தது.
எந்தப் பட்டியலிலும் இல்லை.
முன்னாலும் பின்னாலும் தண்டவாளம் குறுகிவிட்டது,
அதன் சக்கரத்தடியில் மட்டும்
முப்பத்துநாலு அடிக்கு
பழைய அகலம் பாக்கி.

நகர்த்தினால் தடம் புரளும்.
உடைத்தால் கூலி நட்டம்.
நாலு டாலருக்கு விலை வைத்தார்கள்.

ஐசம் மூன்று டாலருக்குக் கேட்டான்.
டெல்ஃபியா இரண்டரைக்கு முடித்தாள்.

பக்கவாட்டில் சன்னல் அறுத்தான்.
பருத்தி மூட்டை வாசனை போகவே
ஒரு மழைக்காலம் ஆயிற்று.
கதவில் சாக்குக்கட்டியால் எழுதியிருந்த
சேருமிடத்தின் பெயரை
அவள் துடைக்கவில்லை.
'மோபில்' என்றிருந்தது.
வந்தவர்களிடம்,
"நாங்கள் மோபிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்" என்பாள்,
அடுப்பில் பீன்ஸைக் கிளறியபடியே.

இப்போது நியூயார்க்கிலிருந்து வரும் வண்டி
ஆற்றங்கரையில் நிற்காமல்
இராத்திரி இரண்டரைக்கு அந்தப் பக்கம் கடக்கிறது.
உள்ளே படுத்திருக்கிறவர்கள்
கண்விழிப்பதில்லை.
எதைத் தாண்டினோம் என்று தெரிய
அங்கே இப்போது ஒன்றும் கிடையாது.

பெட்டி மட்டும் அதிரும்.
அலமாரியில் இருக்கும் ஈயக்குவளை
விளிம்பை நோக்கி
மெல்ல ஊர்ந்துவரும்.
டெல்ஃபியா தூக்கம் கலையாமலே
கையை நீட்டி
அதை உள்ளே தள்ளிவைப்பாள்.